நூல் வருது, பிடி

பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமினால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதயம் ஒரு தரம் நின்றுதான் ஓடும். எனக்குத் திரும்ப ஓடுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். சென்ற வாரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர், சலூன் கதிரையில், முகம் நிறைய நுரையோடு நான் அகில உலகத்தின் பொருளாதாரத்தையும் சீர்ப்படுத்திக்கொண்டிருந்தபோது அது செருமியது. சலூன்காரர் நியாஸ் கத்தியை எடுத்துவிட்டார். மர்ஹூம் இன்னாரின் மனைவியும், இன்னார், இன்னாரின் அன்புத் தாயாருமானவர் என்று மரண அறிவித்தல் நீண்டுகொண்டே போனது. யாரோ ஒரு வீட்டுப் பெண்மணி, அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக என்று சொல்லிவிட்டு மற்றக் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கத்தி வரவில்லை.

"மாமா," என்றார் நியாஸ், "அது உங்கட நூல்கார ராத்தா தானே?"

பாதிச் சவரத்தோடு ஓடினேன். ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டேனே தவிர இரத்த உறவில்லை; அந்நிய ஆணாகையால் முகம் பார்க்க எனக்கு உரிமையில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமக்கும் உரிமை மட்டும் கிடைத்தது. ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறு கன்னம் முள்ளுக்காடாகவும் நான் போவதைப் பார்த்து, இதுவும் மஸீதா ராத்தாவின் ஏதோ நிகழ்த்துகை என்று இரண்டொருவர் நினைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாடசாலையில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள் வழமையாக மூட்டு வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். ராத்தா கலை நிகழ்வு நடத்தத் தெருவுக்கு வந்தார். அவரோடு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்தோம். பாண்டிருப்பில் பெயர்ப்பலகை எழுதும் குகன் எங்கள் ஓவியன். நான் பேச்சாளர், பிரதம ஆலோசகர், கதிரை தூக்குபவர். எங்கள் முதலாவது நிகழ்வுக்கு உலகமே திரண்டு வந்தது. உலகம் என்றால் ஏழெட்டுப் பேர், அதிலும் பாதி மழைக்கு ஒதுங்கியவர்கள்.

கல்முனைச் சந்தையில் அவர் போட்ட "பயக் கடை"யை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மரக்கறிக் கடைகளுக்கு நடுவில் ஒரு பாய், வெள்ளைத் துணித் துண்டுகள், ஒரு பேணியில் மை. வருகிறவர் தன் பயத்தைச் சொல்ல வேண்டும். ராத்தா அதை ஒரே இழுப்பில் ஒரு கோடாகக் கீறிக் கொடுப்பார். சவளக்கடையிலிருந்து நெல் விலை பேச வந்த ஒருவர் யானை என்றார். கோடு கொழுத்து வளைந்து வந்தது. ஒரு பெண் வாயே திறக்காமல் அழுதுவிட்டுப் போனாள். அவளுக்கு விழுந்த கோடு நடுவில் அறுந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். மெல்ல ஒரு பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"மகள், மார்க்கத்தில கூடாத உருவம் கீறுறதாக் கேள்விப்பட்டன்."

"கோடு மட்டும்தான் ஹாஜியார். உருவம் உங்கட கண்ணிலதான் கிடக்கு."

"அப்ப எனக்கு என்னத்தக் கீறுவாய்?"

"நீங்க பயத்தச் சொன்னாத்தானே."

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். "நான் மௌத்தானா அடக்கத்துக்கு வெளிநாட்டில இருக்கிற புள்ளைகள் வருவாங்களோ தெரியா," என்றார். ராத்தா கீறிக் கொடுத்த துணியை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வெங்காயம் வாங்கப் போனார்.

பிறகு நான் வீரமாக வெளியே வந்தேன். எனக்கு எதுவும் பயமில்லை, புலியே எதிரில் வந்தாலும் சலாம் சொல்லி வழிவிட்டுத்தான் போகும் என்று பிரகடனம் செய்தேன். ராத்தா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். "உன்ர பயத்துக்கு இந்தத் துணி காணாது, தம்பி."

அது என்ன பயம் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு நான் கடலைப் பார்த்ததில்லை. கடற்கரை வீதியால் போக வேண்டி வந்தால் முகத்தைக் கடலிருக்கும் கிழக்கே திருப்பாமலே போய் வருவேன். ஆனால் கதை மட்டும் குறையாது. எங்கள் தெருவில் தண்ணீர் தென்னங்குரும்பையைப் பறித்தது, பள்ளிவாசல் மினாராவில் சுறா முட்டியது என்றெல்லாம் சொல்வேன். ராத்தா ஒரு நாள் அளவுநாடாவோடு வந்தார்.

"மரத்த விடு. உன்ர உடம்பில எவ்வளவுக்கு வந்த?"

நான் கையைத் தொண்டையில் வைத்தேன். அவர் தரையிலிருந்து அதுவரைக்கும் அளந்துகொண்டு போனார்.

அப்படி ஊர் முழுக்க அளந்து திரிந்ததுதான் "நீர்க்கோடு" ஆனது. கடற்கரையிலிருந்து மெயின் றோட் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மருதமுனைத் தறியில் வாங்கிய நீல நூல் ஒன்று கை மாறிக் கை மாறிப் போகும். அந்தந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றதோ அந்த உயரத்தில் ஒவ்வொருவரும் நூலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நிகழ்வு. நூல் உருளையோடு கடல் முனையில் நிற்க என்னைப் போட்டார். நான் மறுத்தேன், காய்ச்சல் என்றேன், இல்லாத மாமியாரைச் சாகக் கொடுத்தேன். "கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லு, காணும்," என்றார். மற்ற முனையில், மெயின் றோட்டில், அவர் நின்றார்.

ஒத்திகை அன்று காலை நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அலை ஒவ்வொன்றும் என் பிடரியில் மூச்சு விட்டது. நூல் நுனியைப் பக்கத்தில் நின்ற குகனிடம் கொடுத்து, "நூல் வருது, பிடி," என்றேன். அவன் அடுத்தவரிடம் அதையே சொன்னான். நூல் ஒழுங்காகத்தான் போனது. சொல்தான் தேய்ந்துவிட்டது. நாலைந்து வாய் தாண்டியதும் நூலும் பிடியும் கொட்டுண்டு போய், "வருது" மட்டும் மிஞ்சியது. தூரத்தில் நின்றவருக்குக் கேட்க வேண்டுமென்று யாரோ அதை உரத்துக் கூப்பிட்டார்.

கடல் பக்கமிருந்து "வருது!" என்று ஒரு சத்தம் வந்தால் எங்கள் ஊரில் எது வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் மீன் வாங்க வந்த பெண்கள் ஓடினார்கள். பிறகு ஓட்டோக்கள் திரும்பின. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தாய்மார் வந்தார்கள், அடுப்பில் சோறு கிடக்கக் கிடக்க. "வருது, வருது!" என்ற சத்தம் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. அனுப்பியவனே நான்தான். ஆனாலும் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்து நின்றவர்களை நான் பிறகு உயிரோடு காணவில்லை. ஒரு ஒழுங்கைக்குள் விழுந்து, மதில் ஏறி, மோட்டார் சைக்கிள்களை முந்தி, காற்றையும் கொஞ்ச தூரம் முந்திப் போனேன். நின்றபோது சுற்றிவர வயல். காலில் ஒற்றைச் செருப்பு.

வெயில் சாய்ந்த பிறகு பயந்து பயந்து திரும்பி வந்தேன். ராத்தா கடற்கரையில் ஒரு தோணியில் சாய்ந்து மணலில் இருந்தார். பக்கத்தில் நான் எறிந்துவிட்டுப் போன உருளை கிடந்தது. நான் மணலையே பார்த்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"எங்க போன நீ?"

"வயலுக்கு."

"ஓடியா?"

"பாதித் தூரம் பறந்தன், ராத்தா."

அவர் சிரிக்கவில்லை.

"நானும் கடல்தான் வருது எண்டு நினைச்சன்," என்றார்.

"அப்ப ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?"

"நீ இங்க நிண்டாய் தானே."

"பயமில்லையா?"

"பயமில்லாம என்ன! கலிமாவைச் சொல்லிச் சொல்லித்தான் ஓடி வந்தன். வந்து பார்த்தா நீ இல்ல. அல்ஹம்துலில்லாஹ் எண்டு இருந்திட்டன்."

ஊரே மேற்கே ஓடும்போது அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கிழக்கே ஒரு பெண் ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பைத்தியம் என்று நினைத்தார்களாம். பிள்ளையைத் தேடிப் போகிறாள் என்றும் சிலர் நினைத்தார்களாம். நரைத்த மீசையோடு வயலில் நின்ற அந்தப் பிள்ளை நான்தான்.

அடுத்த நாள் ஊர் எங்களைத் திட்டித் தீர்த்தது. ராத்தா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு, "உங்கட வீட்டில தண்ணி எவ்வளவுக்கு வந்த?" என்றும் கேட்டு அளந்துகொண்டு வந்தார். திட்டியவர்களில் பலர் இந்த முறை நாங்களும் நிற்கிறோம் என்றார்கள். இனி ஒருவரும் "வருது" என்று சொல்லக்கூடாது, "பிடி" மட்டும்தான் என்று சட்டம் போட்டார். திரும்ப நடத்த நாள் குறித்த பிறகுதான், லுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர் எழும்பவில்லை.

நேற்றுக் குகன் வீட்டில் கூடினோம். நிகழ்வை நிறுத்துவதில்லை என்று முடிவு. என்னைப் பார்க்க எல்லோருக்கும் பாவமாக இருந்தது.

"மாமா, நீங்க கடல் முனையில நிக்க வேணாம். நான் நிக்கிறன்," என்றான் குகன். "நீங்க நடுவில எங்கயாவது நிழலாப் பார்த்து நில்லுங்க."

"எனக்கு மெயின் றோட் முனையைத் தா," என்றேன்.

"அது சுகமான இடம்தானே, மாமா. கடலுக்கு எவ்வளவு தூரம்!" என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது சுகமான இடமில்லை என்று குகனுக்கு மட்டும் தெரியும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மஸீதா ராத்தாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த இடம்தான். அங்கே நிற்பவர் கடலுக்கு முதுகைக் காட்ட முடியாது. ஆட்கள் நிற்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வரிசையின் மறு முனையில் குகன் நிற்பான். அவனுக்கு நீந்தத் தெரியாது. யாராவது வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் என் கால்கள் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் முகத்தைக் கிழக்கே வைத்துக்கொண்டு நிற்பேன்.