ஊசி குத்தியும் அழாத குழந்தை

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு சித்ரா பௌர்ணமி அன்று நடந்தது இது. எங்கள் வீடு திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறது. கணவருக்குப் பெங்களூரில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும், ஆறு மாதமே ஆன என் மகளும்தான்.

எனக்குத் தாய்ப்பால் போதவில்லை. டப்பாப் பால் பவுடர் கொடுத்தால் குழந்தையின் மலத்தில் ரத்தம் கலந்து வந்தது. அதில் இருக்கும் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, சோயா பவுடர் கொடுத்துப் பாருங்கள் என்று பக்கத்து கிளினிக்கில் சொன்னார்கள். முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்த அன்றே வாந்தி எடுத்தாள். "வெயிலு ஜாஸ்திம்மா, அதான் ஒத்துக்கல" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் சரியாகிவிட்டாள்.

பௌர்ணமி அன்று மதியம் பசியில் கத்தினாள். இந்தத் தடவை புட்டி நிறைய சோயா பால் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்கினாள். மாமியார் வாசலில் போட்டிருந்த மோர்க்கடையில் நானும் நின்றேன். சாயங்காலம் நெருங்கும்போது உள்ளே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். துடைத்துத் தூக்கினேன், மறுபடி எடுத்தாள். பால் எல்லாம் போய் வெறும் பச்சைத் தண்ணீர் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. தலை என் தோளில் துவண்டு விழுந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை.

வாசலுக்கு ஓடி வந்தேன். மாமியார் பதறி எழுந்தார், ஆனால் அவரால் அந்தக் கூட்டத்தில் ஓட முடியாது. பாதை முழுக்கத் தலைகள். அன்று எந்த வண்டியையும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தையை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். தோளால் இடித்துக்கொண்டு போகப் பார்த்தேன். வெறுங்காலோடு வலம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், என் அம்மா வயது இருக்கும், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொழந்தைக்கு முடியல, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் போனார். நான் அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் குழந்தையின் மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

கொஞ்ச தூரத்தில் மருத்துவ முகாம் இருந்தது. அங்கிருந்த நர்ஸ் குழந்தையின் விரல் நகத்தை அழுத்தி, ரத்த நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். உடனே ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினார். அந்த அம்மாவும் என்னோடு ஏறிக்கொண்டார்.

"உங்க கிரிவலம்…" என்றேன்.

"மலை எங்கயும் போயிடாது. நீ கொழந்தையப் பாரு."

டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் கையிலும் காலிலும் மாற்றி மாற்றி ஊசி குத்தினார்கள். என் மகள் ஒரு சின்ன முனகல்கூட முனகவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம் என்று டாக்டரம்மா நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. சலைன் ஏற ஆரம்பித்த பிறகு பேதி வேறு ஆனது.

அப்போதுதான் டாக்டரம்மா என்னிடம் வந்தார். "கடைசியா என்ன குடுத்தீங்க?"

"சோயா பால்தாங்க."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வாந்தி எடுத்தாளா?"

"போன தடவை அதைக் குடுத்தப்பவும் எடுத்தாளுங்க" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"சோயா அலர்ஜி மாதிரி தெரியுது. சில கொழந்தைங்களுக்குத் தடிப்பு, அரிப்பு எதுவும் வராது. குடலைத்தான் பிடிக்கும். பசும்பால் சேராதவங்கள்ல சிலருக்கு சோயாவும் சேராது. இனிமே ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க" என்றார்.

நன்றாக இருட்டியிருந்தது. திடீரென்று என் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வீறிட்டு அழுதாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து வந்து, கதவோரம் நின்று பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குழந்தையைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பும்போது அவர் இல்லை. எந்த ஊர் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. பசும்பாலும் சோயாவும் சேராத குழந்தைகளுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த வேறு பவுடரில் மகள் தேறிவிட்டாள். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். எதற்கெடுத்தாலும் தெருவே கேட்கும்படி அழுகிறாள். பக்கத்து வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அழுவதற்குத் தெம்பு இருக்கிறதே என்று மனசு நிம்மதியாகிவிடுகிறது.