அல்சூர் ஏரிக்கரையில் நீலா அக்கா

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். என் பையனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். அவன் கண்ணயர்ந்த பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

போன திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிப் பியூன் வாசலில் வந்து நின்று, "நீலா மிஸ் தவறிட்டாங்கம்மா" என்றார். நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நீலா அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் பூகோளம் எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பு நான் அங்கே சரித்திரம் எடுத்தேன். இருவருக்கும் ஆஸ்டின் டவுனில் அடுத்தடுத்த தெரு. குளிர்காலம் வந்துவிட்டால் பள்ளி விட்டதும் அவர் கால் வீட்டுப் பக்கம் திரும்பாது. சூறைக்குருவிகள் அடைவதைப் பார்க்க அல்சூர் ஏரிக்குப் போய்விடுவார். கறுப்புத் தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக, மைனா அளவில் இருக்கும். வடக்கே எங்கிருந்தோ வந்து, பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது ஏரித் தீவின் மரங்களுக்குத் திரும்பும். இறங்குவதற்கு முன் கூட்டம் முழுவதும் விரியும், சுருங்கும், சட்டென்று திசை மாறும். முதல் தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"யார் சொல்லிக்கா இதெல்லாம் திரும்புது?"

"தெரியலையே. தெரிஞ்சா நான் ஏன் தினம் வர்றேன்?" என்றார்.

அரிசிக்கு ரேஷன் இருந்த சமயம் அது. ஒரு மாலை, புதரோரம் நின்ற எங்களை ஒரு கான்ஸ்டபிள், "இல்லி ஏன் மாட்தா இதீரி?" என்று அதட்டினார், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று. அக்கா கன்னடம் நன்றாகவே பேசுவார், ஹகரம் மட்டும் வராது. பறவை பார்க்க வந்தோம் என்று சொல்வதாக நினைத்து, "அக்கி நோடக்கே பந்தீவி" என்றார். பறவையாகிய ஹக்கி, அரிசியாகிய அக்கியாகிவிட்டது! "அக்கியா? எல்லி மூட்டே?" என்று கான்ஸ்டபிள் மூட்டையைத் தேடிப் புதரைத் தடியால் குத்த ஆரம்பித்துவிட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைக் காட்டினார். அண்ணாந்தவர் கடைசிக் குருவி அடையும்வரை தலையை இறக்கவில்லை. அதன் பிறகு எங்களைக் கண்டாலே, "ஏன் டீச்சரம்மா, இவத்து அக்கி பந்த்தா?" என்று, இன்றைக்கு அரிசி வந்ததா எனக் கேலிதான்.

மகள் செல்வி பிறந்த பிறகு அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பனி, இருமல் என்று நான் பதறுவேன். "உன் பயத்தைப் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாதிரி மாட்டி விடாதே" என்பார். ஏரிப்பனிதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று இப்போது தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பகலில் நான் அதை நம்புவதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஜட்காவில் ஏறும்போது செல்வியிடம் "போயிட்டு வரேண்டி" என்றாராம். வேறு என்ன சொல்வார்? "போறேன்" என்று நம்மில் யார் சொல்கிறோம்? நான்கு வயதுக் குழந்தை அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். போதாததற்கு அவள் அத்தை, "அம்மா குருவிங்களோட போயிருக்கா, வந்துடுவா" என்று வேறு சமாதானம் சொல்லியிருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் அவள் அழுத அழுகை தாங்காமல் ஏரிக்கு அழைத்துப் போனேன். கூட்டம் சுழன்று வந்து மரங்களில் இறங்கி, இரைச்சலும் அடங்கிவிட்டது. என் புடவையை இழுத்து, "எல்லாம் வந்துடுச்சே சித்தி, அம்மா எங்கே?" என்றாள். இருட்டிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

சித்திரையில் குருவிகள் வடக்கே போய்விடும். அதற்குள் யாராவது அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவை திரும்பி வரும்வரை காத்திருப்பாள். வந்த பிறகும் காத்திருப்பாள். அவள் அப்பா, "என்னால முடியாதும்மா, நீயே சொல்லிடு" என்று என் கையில் விட்டுவிட்டார்.

அக்கா, உங்களுக்கு விடைகொடுக்க "போயிட்டு வாங்க" என்றுதான் வாயில் வருகிறது. அதைச் சொல்லக் கூடாது. வேறு சொல்லும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு சின்னக் குழந்தையிடம் இதைச் சொல்ல நேர்ந்திருந்தால், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.