வாசலில் நின்ற அப்பா

பட்டமளிப்பு விழா தொடங்கும் நேரம். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஷிப்ட் முடிந்து நேராக வந்த ஒருவர் அரங்கத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கல்லூரியின் பேராசிரியை என்ற முறையில் அழைக்கப் போனேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

அது என் அப்பாவின் சட்டை வாடை. எத்தனை முறை சோப்பு போட்டாலும் போகாது. ஐந்தாம் வகுப்பில் நான் முதல் பரிசு வாங்கிய அன்று, பள்ளி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். மேடையில் பரிசை வாங்கியதும் மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"யப்பா, உள்ள வா. நீ வராம நான் எறங்க மாட்டேன்."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. தலைமை ஆசிரியர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். அப்பா உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா," என்றேன், இப்போது அரங்க வாசலில் நின்ற இவரிடம்.

"இங்கயே நின்னு பாத்துக்கறேன் மேடம். மேல வாடை ஜாஸ்தியா இருக்குது."

"எங்க அப்பாவும் டேனரிதான். வாங்க."

முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அவர் மகள் கௌசல்யா பட்டம் வாங்கி இறங்கியதும், அவரிடம் போய்க் கை நீட்டினேன்.

"வாழ்த்துகள்ணா."

"அவளுக்குச் சொல்லுங்க மேடம். படிச்சது அவதான்."

"அவளுக்கும் சொல்றேன். மொதல்ல உங்களுக்கு."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.