லவெல் சொன்ன குடலிறக்கம்

லவெல் பெட்டிஸ் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், கறுப்பர்களான எங்கள் சபையின் டீக்கன், அதாவது பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர். மிசிசிப்பியின் இந்தச் சின்ன ஊரில் அவருக்கு முடி வெட்டுபவன் நான். என் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆண்கள் எதையும் கொட்டிவிடுவார்கள். இவரோ இந்த ஒரு விஷயத்தை நான்கு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்த அறுவையோடு அவருக்கு ஆண்மை போய்விட்டது. கூடவே சர்க்கரை வியாதி. எந்த மாத்திரையும் பலிக்கவில்லை. உள்ளூர் டாக்டர், "இந்த வயசுல இனிமே எதுக்கு, விடுங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அதே நோய் வந்த, லவெலின் வெள்ளைக்கார மேற்பார்வையாளரை மட்டும் அதே டாக்டர் ஆறே மாதத்தில் தலைநகர் ஜாக்சனிலுள்ள நிபுணரிடம் அனுப்பி, ஆணுறுப்புக்குள் விறைப்புக்கான கருவி வைக்க ஏற்பாடு செய்திருந்தார். இது லவெலுக்குத் தெரியவே நான்கு வருடம் ஆயிற்று. தெரிந்த அன்றுதான் என் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார், தனக்கும் அந்தக் கருவி வேண்டும் என்றார்.

லவெலின் இன்ஷூரன்ஸுக்கு ஜாக்சன் கிடைக்கவில்லை, பக்கத்து ஊர் சர்ஜன்தான் கருவி வைக்கக் கிடைத்தார். இதற்கு முன் எத்தனை பேருக்கு இதை வைத்திருக்கிறீர்கள் என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்கள் சபையில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர் பெயரையும் நோயையும் ஞாயிறன்று பாஸ்டர் மேடையிலிருந்து வாசிப்பார். இதைப் போய் வாசிக்க முடியுமா? லவெல் 'குடலிறக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மனைவி வெர்னெலிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். சபை முழுக்க அவர் குடலுக்காக ஜெபம் செய்தது.

கருவி வைத்த ஒன்பதாம் நாள் மதியம் வெர்னெல் போனில் அழுதாள். நான் போனபோது லவெலின் பற்கள் தந்தியடித்தன, கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவரைக் காரில் அள்ளிப் போட்டு, வெர்னெலையும் ஏற்றிக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே நர்ஸ் யார் என்றால், எங்கள் பாடகர் குழுவின் முதல் வரிசை ஒடெஸ்ஸா.

"அடடா, டீக்கன்! குடலிறக்கத் தையல் எப்படி இருக்கு?"

"தையல் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். லேசா காய்ச்சல், அவ்வளவுதான்," என்றார் லவெல்.

இளம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வயிறு நல்லாத்தான் இருக்கு. ஃப்ளூவா இருக்கும். மாத்திர தர்றேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

லவெலின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அடுப்பிலிருந்து எடுத்த கல் மாதிரி சுட்டது. சொன்னால் இந்த மனிதர் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார், சொல்லாவிட்டால் இவர் சவப்பெட்டியை நான் தூக்க வேண்டியிருக்கும்.

"டாக்டர், அது குடலிறக்கமே இல்ல. கீழ போர்வையத் தூக்கிப் பாருங்க."

ஒடெஸ்ஸாவின் பேனா நின்றது. டாக்டர் பார்த்தார், முகம் வெளுத்து போனுக்கு ஓடினார். இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸில் ஜாக்சனுக்கு. நான்கு வருடம் முன்னால் லவெல் பார்த்திருக்க வேண்டிய அந்த நிபுணரை இப்படித்தான் பார்த்தோம்.

"கருவிய இப்பவே எடுக்கணும். தொற்று ரத்தத்துல கலந்துருச்சு. மறுபடி வைக்க முடியுமான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப வேணாம்," என்றார் லவெல். "ஊசி மட்டும் போடுங்க."

நிபுணர் சம்மதப் படிவத்தோடு நீட்டிய பேனாவை வெர்னெல் பிடுங்கி அவர் விரல்களுக்குள் திணித்தாள்.

"நாலு வருஷத்துல நான் ஒருநாளாவது உன்ன அது வேணும்னு கேட்டிருக்கேனா? ராத்திரி முழிப்பு வந்தா பக்கத்துல உன் மூச்சு கேக்கணும், அவ்வளவுதான்யா எனக்கு. போடு கையெழுத்த!"

பேனா இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகக் கிறுக்கினார்கள்.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லவெல் என் பக்கம் திரும்பவே இல்லை. உயிரோடு வந்து என் கன்னத்தில் அறையட்டும், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும், வந்தால் போதும் என்று அறுவை அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.