பாதி மலையில் சாவியைத் திருப்பியவர்

மருத்துவமனையில் அவருக்கு ஆமை என்று பெயர். யார் வைத்தது என்று அவர் விசாரித்ததில்லை. அடிவாரத்திலிருந்து மலைமேல் குடியிருப்புகளுக்கு வண்டியில் நர்சுகளை ஏற்றிப் போவதும், அங்கிருந்து நோயாளிகளைக் கீழே கொண்டுவருவதும் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. சேறும் கல்லுமாகப் பதினெட்டு கிலோமீட்டர். நிறைமாதக்காரிகள் போன் போட்டு, "ஆமை அண்ணன்தானே வர்றாரு?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே துணிமணி எடுத்து வைப்பார்கள்.

பழைய வண்டி கார்புரேட்டர் வண்டி. சூடேறிய நிலையில் மலைமேல் அதை அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப அரை மணி நேரம் கெஞ்ச வேண்டும். அதனால் காலையில் அடிவாரத்தில் திருப்பிய சாவியை மாலையில் திரும்பி வரும்வரை அவர் தொடுவதில்லை. நான்கு மாதத்துக்கு முன், பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வைத்த புது வண்டி வந்தது. பழக்கம் மட்டும் பழசாகவே இருந்தது.

புது வண்டி பாதி மலை தாண்டியதும் இருமியது. பெட்ரோல் வாடை, கரும்புகை, உச்சிக்குப் பக்கத்தில் நின்றே போனது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி உடனே கிளம்பியது. மூன்று முறை இப்படி. மூன்றாவது முறை உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா சபித்த சாபம் அவர் காதில் இன்னும் இருக்கிறது. அதே வண்டியைப் புயல் என்று பெயரெடுத்த இன்னொரு டிரைவர் இரண்டு நாள் ஓட்டினான். ஏறியவர்கள் தலை வீங்கி இறங்கினார்கள், ஆனால் வண்டி நிற்கவில்லை.

"அவன் ஓட்டுனா நிக்கல, நீங்க ஓட்டுனா நிக்குது. வண்டிக்கு உங்க மேல ஏதாவது கோபமா?" என்றார் வண்டிப் பொறுப்பாளர். ஒன்றாம் தேதியிலிருந்து மலை புயலுக்கு. இவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் சுமக்கும் வேன்.

அன்று வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டிலேயே பத்து நிமிடம் கோலம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து மனைவி தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வேலை பார்ப்பவள். அந்த வண்டியை அவளே இரண்டு முறை சோதித்து, ஒரு கோளாறும் காட்டவில்லை என்று அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன அத்தான், வண்டி உங்களை டைவர்ஸ் பண்ணிடுச்சாமே?"

"உங்கக்கா பண்ணாததை அது பண்ணிருச்சு."

"நானும் யோசிச்சேன், நேரம் கிடைக்கல," என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போற வழியில எங்கெங்க இன்ஜினை நிறுத்துவீங்க?"

"நிறுத்தவே மாட்டேன்."

"மேல நர்ஸம்மா வீடு வீடா ஊசி போடுற ரெண்டு மணி நேரம்?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அட பாவமே. இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். அதை ஒப்புக்கொள்ளாமலே அவள் விளக்க ஆரம்பித்தாள். "இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுற ஒரு சின்ன வால்வு. எவ்வளவு நேரம் திறக்கணும்னு கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். உள்ள போற காத்துக்கு ஏத்த பெட்ரோல், அவ்வளவுதான் கணக்கு. மேல போகப்போக காத்து லேசாகுதில்ல? அதை அளக்குற சென்சார் இன்ஜின் காத்தை உறிஞ்சுற குழாய்ல உக்காந்திருக்கு. ஓடும்போது அதுக்கு உறிஞ்சுற இழுப்புதான் தெரியும், வெளிக்காத்து தெரியாது. சாவி போட்டு இன்ஜின் கிளம்பறதுக்கு முந்தின நொடியில பெட்டி வெளிக்காத்தைப் பாத்து வெச்சுக்கும். அப்புறம் ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா குழாய் முழுசாத் திறக்கும், அப்ப ஒரு தடவை பாக்கும்."

"நான் முழுசா மிதிச்சதே இல்ல."

"அதான். புயல் மிதிக்கிற மிதியில அது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்குது. நீங்க முட்டை மேல கால் வெச்ச மாதிரி போறீங்க. பெட்டி இன்னும் அடிவாரத்துலயே இருக்கோம்னு நினைச்சு, அந்த அளவுக்கே பெட்ரோலை ஊத்துது. சில வண்டியில புகைக்குழாய்ல ஒரு சென்சார் இருந்து தப்பைக் காட்டிக்குடுக்கும். இதுல கிடையாது."

"அப்ப நல்லா ஓட்டுறதுதான் தப்பா?"

"நல்லா ஓட்டுங்க. நடுவுல ரெண்டு வளைவுல அணைச்சு, அஞ்சு எண்ணிட்டுப் போடுங்க. இறங்கும்போதும்தான்."

நான்கு மாதமாகத் தன் கால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தார். கால் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பழைய வண்டியின் பயம்தான் கையில் ஒட்டிக்கொண்டு இத்தனை நாள் கூடவே வந்திருக்கிறது. அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் பொறுப்பாளரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டு ஒரே ஒரு நடை வாங்கினார். பொறுப்பாளரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார், பின்னால் இரண்டு நர்சுகள். நிறுத்த வேண்டிய முதல் வளைவு வந்தது. சாவிக்குப் போன கை பாதியில் கியருக்குத் திரும்பிவிட்டது. ஏற்றத்தில், ஆள் வைத்துக்கொண்டு, ஓடுகிற இன்ஜினை அணைப்பதா? வளைவு பின்னால் போனது. கொஞ்ச தூரத்தில் வாடை வந்தது.

"ஆரம்பிச்சிருச்சு," என்று பொறுப்பாளர் கண்ணாடியை இறக்கினார்.

இரண்டாவது வளைவுக்குள் வண்டி இருமத் தொடங்கியது. ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, அணைத்தார். திடீரென்று கற்களுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஆயிரம் தடவை கடந்த வளைவு அது; அங்கே ஓடை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"என்னண்ணே, நின்னு போச்சா?" என்றாள் ஒரு நர்ஸ்.

"நான்தான் நிறுத்தினேம்மா."

ஐந்துவரை எண்ணினார். சாவியைத் திருப்பி, மீட்டர் முள் ஏறி இறங்கும்வரை பொறுத்து, கிளப்பினார். இருமல் இல்லை. பொறுப்பாளர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் புகையைத் தேடினார். உச்சிவரை தேடிக்கொண்டே வந்தார்.

மேலே ஊசி போட்டு முடியும்வரை வண்டி அணைந்தே கிடந்தது. கிளம்பும்போது ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அதற்குள் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"காரணம் தெரிஞ்சிருந்தும் முதல் வளைவுல ஏன் நிறுத்தல?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

"தைரியம் வரல சார்."

பொறுப்பாளர் இறக்கிய கண்ணாடியை ஏற்றினார். "ஒண்ணாம் தேதிக்கப்புறமும் நீங்களே வாங்க. ரெண்டு வளைவுலயும் நிறுத்தணும்னு எழுதி ஒட்டச் சொல்றேன். புயலுக்கும் சேத்துதான்."

"சரிங்க சார்."

பின்னாலிருந்து அந்தப் பெண், "அண்ணே, குழந்தை இப்பதான் தூங்குது, கொஞ்சம் மெதுவாப் போங்க," என்றாள்.

"கவலைப்படாதம்மா," என்றார் பொறுப்பாளர். "இவருக்கு வேற மாதிரி ஓட்டத் தெரியாது."