அக்கா அடிக்காத அடி

என் அக்கா டிங்கர் வேலை செய்கிறவள். மோதி நசுங்கிய கார்க் கதவைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துவாள். பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது தம்பியான என் பாடு. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதே கையால் ஒரு இசைக்குழுவில் தகரமும் அடிக்கிறாள். இண்டஸ்ட்ரியல் இசை என்பார்கள். எந்திர இரைச்சல், இரும்புச் சத்தம், நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். அந்தப் பாடகரும் அக்காவும் சண்டை போட்டுப் பிரிந்து, பத்தொன்பது வருடம் கழித்து இப்போதுதான் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள்.

வந்த அன்றே இணையத்தில் ஒரே ரகளை. "காத்திருந்தது வீண் போகல" என்றான் ஒருவன். "பக்கத்து வீட்டுக்காரன் வீட்டையே காலி பண்ணிட்டான், உங்களுக்குக் கோடி நன்றி" என்றாள் ஒருத்தி. அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு மகா விமர்சகர் எழுதினார். நாலாவது பாட்டில் ஏழு அடிக்கு ஒருமுறை தாளம் தவறுகிறதாம். வயதான கைக்கு ஓய்வு தேவையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் சுத்தியலைத் தொட்டிருப்பாரா? ஏழெட்டு அடி அடித்தால் நிறுத்தி, உள்ளங்கையால் தகரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று கைதான் சொல்லும். தடவாமல் அடித்தால் கதவு குட்டிச்சுவர். பாட்டிலும் அவள் அப்படித்தான் நிறுத்தித் தடவுகிறாள்.

பாடகருக்கோ உதறல் எடுத்துவிட்டது. மறுநாள் மதியம் லேப்டாப்போடு பட்டறைக்கே வந்து, திருத்திய பாட்டைப் போட்டுக் காட்டினார். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் ஒரு அடி விழுந்தது.

"இது யாரு அடிச்சது?" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர்தான்க்கா. ஓட்டைய அடைச்சிருக்கேன்."

"நான் அடிக்காத அடிய என் தலையில கட்டாத."

"அந்த விமர்சனத்தப் படிச்சு ஊரே சிரிக்குதுக்கா. நீ ஒத்துக்கலன்னா அடுத்த வாரம் கச்சேரி மேடையில உனக்குப் பதிலா கம்ப்யூட்டர்தான் அடிக்கும்."

அந்த மேடைக்காக அவள் எத்தனை வருடம் ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். தலையாட்டித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அப்ப அதையே கூட்டிட்டுப் போ. எனக்குக் கதவு கிடக்கு."

அக்கா சுத்தியலை எடுத்தாள். ஏழு அடி. நிறுத்தித் தடவினாள். மறுபடி ஏழு. பாடகர் போகாமல் நின்றார். அவர் கால் தானாகத் தாளம் போட்டது. அவள் தடவும்போது அதுவும் நின்று காத்திருந்தது. மூன்றாம் முறை அவரே குனிந்து தன் காலைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"பழசே இருக்கட்டும்க்கா," என்று லேப்டாப்பை மூடினார். "மேடைக்கு வா."

"வரேன். ஆனா அங்க இன்னும் கொஞ்ச நேரம் கூடவே தடவுவேன்," என்றாள் அக்கா. "அந்த விமர்சகரை முன்வரிசையில உக்கார வை."