அப்பா மாற்றி எழுதிய விலாசம்

சென்ற மாதம், கொச்சியில் நான் வேலை செய்யும் பட்டறைக்குத் தந்தி வந்தது. அப்பா காலமானார், உடனே புறப்படவும் என்றிருந்தது. நான் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது கொள்ளிடக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா கொள்ளி வைத்திருந்தார். திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் இருபத்தைந்து வருஷம் எடை போட்ட என் அப்பா ரெங்கசாமியை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் எனக்காக என்ன செய்தார் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் கடற்படைப் பயிற்சிக்காகக் கொச்சி போனேன். வாரம் தவறாமல் அப்பாவின் கடிதம் வரும். மணப்பாறைச் சந்தையில் வாங்கிய எருமை ஈன்றது, காவிரியில் தண்ணீர் வந்தது, தங்கை தனத்துக்கு வரன் பார்ப்பது என்று வீட்டுச் சேதியெல்லாம் இருக்கும். கடைசியில் புத்தி சொல்வார். "மேலதிகாரி திட்டினால் அன்றைக்கே மறந்துவிடு. ஈரத் துணியோடு படுக்காதே. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே."

போய்ச் சேர்ந்த ஐந்தாவது மாதம் என் காதில் சீழ் வைத்தது. தகுதியில்லை என்று பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என்னை வழியனுப்ப மண்டி ஆட்கள் அத்தனை பேரும் மாலையோடு ஜங்ஷனுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கொச்சியிலேயே படகு இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். பயிற்சியில் இருந்த நண்பன் ஜோசப் அப்பாவின் கடிதங்களைக் கொண்டுவந்து தருவான். அணிவகுப்பு, துப்பாக்கி என்று அவனிடம் கேட்டுக் கேட்டுப் பதில் எழுதினேன்.

தனத்துக்கு லால்குடியில் ஓர் இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீருடையில் என் போட்டோ கேட்பதாக அப்பா எழுதினார். இரண்டு முறை சாக்குச் சொன்னேன். அடுத்த கடிதம் நேராகப் பட்டறை விலாசத்துக்கே வந்தது. பிரிக்கக் கை வரவில்லை. அப்பா ஜோசப்புக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்; அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று அவன் பிறகு சொன்னான்.

அந்தக் கடிதத்தில் ஒரு வசவும் இல்லை. எருமை பாலைக் குறைத்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசியில், "ஓடுகிற இயந்திரத்துப் பக்கம் வேட்டியோடு நிற்காதே. தீபாவளிக்கு வந்துவிட்டுப் போ" என்றிருந்தது.

போனேன். ஜங்ஷனில் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் வாய் திறக்குமுன், "காது இன்னும் வலிக்குதாப்பா?" என்று கேட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லால்குடி இடம் என்ன ஆயிற்று என்றதற்கு, ஜாதகம் பொருந்தவில்லை என்றார். நம்பினேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு தனம் உண்மையைச் சொன்னாள். அப்பா தனியாக லால்குடிக்குப் போய், மகன் கடற்படையில் இல்லை என்று தானே சொல்லியிருக்கிறார். ஏமாற்றுக்காரன் என்று பேசி, வாசலிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதன்பின் அவள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் ஆனது.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாருண்ணே," என்றாள்.

கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"அவர் மேல ஒரு நாளும் இல்ல. உன் மேல இருந்துச்சு."

கூடவே எடுத்துப் போயிருந்த அப்பாவின் கடிதங்களை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நான் பார்த்தேயிராத அந்த லால்குடி வாசல் மட்டும் என்னோடு வந்துவிட்டது. வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு, என் பொய்க்காக அப்பா அங்கே நிற்கிறார்.